"தெரியுதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்



நீளமான பதிவு. பாதியில் ஓடிவிடும் பழக்கமுள்ள கடைசி பெஞ்சுக்காரர்களுக்காகச் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் "தெரியுதா?", "கேக்குதா?" என்று கேட்டு, அவர் சொல்லும் "ஆமா"க்களை மட்டும் எண்ணினால் நீங்கள் அவருடைய கண்ணையும் காதையும் அளக்கவில்லை. அவருடைய சுபாவத்தையும் கலந்து அளந்துவிட்டு, அந்தக் கலவைக்குக் கண் என்றும் காது என்றும் பெயர் வைக்கிறீர்கள்.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன்? நம் உறவினர் வாட்ஸ்ஆப் குழுவில் சமீபத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, கிளாக்கோமாவுக்காக ஃபீல்டு டெஸ்ட் எடுத்துக்கொண்ட ஒரு பெரியவரைப் பற்றியது. "ஒரு லைட்டையும் விடல, டகடகன்னு அமுக்கிட்டே இருந்தார், சூப்பர் பாஸ்!" அதற்குக் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. இன்னொன்று வீட்டிலிருக்கும் ஒரு பாட்டியைப் பற்றியது. "அதுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. வேணுங்கறப்ப கேக்கும், வேணாங்கறப்ப கேக்காது." அதற்குச் சிரிப்புப் பொம்மைகள்.

இரண்டுக்கும் நான் பொம்மை போடவில்லை. முதல் செய்தியைப் படித்துக் கவலைப்பட்டேன். இரண்டாவதைப் படித்துக் கோபப்பட்டேன். இரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். அதைத்தான் இங்கே பிரித்துக் காட்டப் போகிறேன்.

புரியுதா? புரியுது சார்!

நம் பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆசிரியர் பாடம் நடத்தி முடித்துவிட்டுத் திரும்பி, "புரியுதா?" என்பார். ஐம்பது பேரும் ஒரே ராகத்தில் "புரியுது சார்" என்பார்கள். அந்தக் கோரஸால் என்ன தெரிகிறது? மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்பது தெரிகிறது. "புரியல" என்று சொன்னால் திட்டு விழும் என்பது தெரிகிறது. லென்ஸ் சமன்பாடு புரிந்ததா என்பது மட்டும் தெரிவதில்லை.

அதனால்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உங்களுக்கே நினைவிருக்கும். பேசாமல் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, "பொருள் எந்தப் பக்கம், பிம்பம் எந்தப் பக்கம்?" என்பேன். அங்கே "ஆமா" என்பது பதிலே ஆகாது. தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

கண், காது பரிசோதனையிலும் இதே கதைதான். "ஆமா, இல்லை" என்று பதில் வரும் எந்தச் சோதனையிலும் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உணர்திறன்: அந்த மெல்லிய ஒளியையோ ஒலியையோ வெறுமையிலிருந்து பிரித்தறிய உறுப்பும் நரம்பும் எவ்வளவு வல்லவை என்பது. மற்றது சாய்வு: எவ்வளவு உறுதி இருந்தால் "ஆமா" சொல்வது என்று மனசு போட்டுக்கொள்ளும் கோடு. அந்தக் கோட்டைத் தாழ்வாகப் போட்டவர் லேசான சந்தேகத்துக்கே "ஆமா" என்பார். உயரமாகப் போட்டவர் சத்தியம் பண்ணும் அளவுக்கு நிச்சயமானால்தான் வாயைத் திறப்பார். கோடு எங்கே இருக்கிறது என்பதற்கும் கண் எவ்வளவு கூர்மை என்பதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு சின்னக் கணக்கு

வாத்தியார் கணக்குப் போடாமல் விடுவாரா? இது விளக்கத்துக்காக நானே போட்ட கணக்கு. மூன்று பேரைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 தடவை "இப்ப கேட்டுச்சா?" என்று கேட்கிறோம். அதில் 100 தடவை மிக மெல்லிய ஒலி உண்டு. மீதி 100 தடவை ஒலியே கிடையாது, கேள்வி மட்டும்தான். எது எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியாது.

முதலாமவர்: ஒலி இருந்தபோது 84 "ஆமா". இல்லாதபோது 50 "ஆமா".
இரண்டாமவர்: இருந்தபோது 69. இல்லாதபோது 31.
மூன்றாமவர்: இருந்தபோது 50. இல்லாதபோது 16.

முதல் எண்ணை மட்டும் பார்த்தால் 84, 69, 50. ரேங்க் போட்டுவிடலாம் போலிருக்கிறது. முதலாமவருக்குப் பாம்புச் செவி, மூன்றாமவருக்குக் காது மந்தம் என்று தீர்ப்பும் எழுதிவிடலாம்.

தீர்ப்பு தப்பு. மூவருக்கும் ஒரே காதுதான்.

எப்படி? பிளஸ் டூவில் படித்த இயல்நிலைப் பரவலை, அந்த மணி வடிவ வளைவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சதவீதத்தை அந்த வளைவில் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று மாற்ற வேண்டும். தோராயமாக 84 சதவீதம் என்றால் +1. 69 என்றால் +0.5. 50 என்றால் 0. 31 என்றால் −0.5. 16 என்றால் −1. இப்போது "இருந்தபோது" வந்த எண்ணிலிருந்து "இல்லாதபோது" வந்த எண்ணைக் கழியுங்கள். முதலாமவர்: 1 − 0 = 1. இரண்டாமவர்: 0.5 − (−0.5) = 1. மூன்றாமவர்: 0 − (−1) = 1.

மூவருக்கும் விடை 1. இந்த அளவுக்கு டி-பிரைம் என்று பெயர். இதுதான் உணர்திறன். மூவருக்கும் இடையே வேறுபடுவது கோடு மட்டும். முதலாமவர் தாராளப் பிரபு, மூன்றாமவர் கறாரான ஆள். அவ்வளவுதான்.

இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தபோது 84, இல்லாதபோதும் 84. இவருக்கு டி-பிரைம் பூஜ்யம். அந்த ஒலியைப் பொறுத்தவரை இவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். ஆனால் ஒலி இருந்த தடவைகளை மட்டும் வைத்துச் சோதித்தால், இவரும் நம் முதலாமவரும் ஒரே மதிப்பெண்! வெற்றுத் தடவைகளை வைக்காத சோதனை இவர்கள் இருவரையும் பிரித்துச் சொல்லவே முடியாது. அதை அளவை என்று எப்படி ஒப்புக்கொள்வது? பூஜ்யத்தைச் சரிபார்க்காத தராசில் காய்கறிகூட வாங்க மாட்டீர்களே!

இது நேற்று முளைத்த விஷயமில்லை

லைப்சிக் நகரில் குஸ்தாவ் ஃபெக்னர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர் இருந்தார். கண்ணை ஆராய்கிறேன் என்று சூரியனைப் பார்த்துப் பார்த்துத் தன் கண்ணையே கெடுத்துக்கொண்டு, பேராசிரியர் பதவியையும் விட்ட மனிதர். 1860-இல் அவர் வெளியிட்ட நூல்தான் புலனுணர்வை எண்ணால் அளக்கும் துறைக்கு அடித்தளம் போட்டது. உணர்வுக்கு ஒரு வாசற்படி உண்டு, அதற்குக் கீழே இருப்பது தெரியாது, மேலே இருப்பது தெரியும் என்ற எண்ணம் அதோடு வேரூன்றியது.

1884-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெர்ஸும் அவருடைய மாணவர் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் அந்த வாசற்படியையே உலுக்கினார்கள். விரலில் படும் அழுத்தத்தில் மிகச் சிறிய வித்தியாசங்களை வைத்துச் சோதித்தார்கள். "தெரியலை" என்று சொல்லித் தப்ப முடியாது, அதிகமா குறைவா என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். வரிசையைச் சீட்டுக் கட்டைக் குலுக்கித் தீர்மானித்தார்கள், யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. நடந்தது என்ன தெரியுமா? "எனக்கு எந்த நிச்சயமும் இல்லை, சும்மா சொல்கிறேன்" என்று பதிலளித்தவர் சொன்ன விடைகளும் குருட்டாம்போக்கைவிட அதிகமாகச் சரியாக இருந்தன. "தெரியல" என்று வாய் சொல்லும்போதே விரலுக்குத் தெரிந்திருக்கிறது!

பிறகு ரேடார் வந்தது. திரையில் தெரியும் புள்ளி விமானமா, வெறும் இரைச்சலா என்று பிரித்துச் சொல்லும் பிரச்சினைக்குப் பொறியாளர்கள் கணக்கு எழுதினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டானர், ஸ்வெட்ஸ் இருவரும் 1954-இல் அதே கணக்கை மனிதக் கண்ணுக்குப் பொருத்தினார்கள். 1966-இல் கிரீன், ஸ்வெட்ஸ் இருவரும் இதைப் பாடநூலாகவே எழுதிவிட்டார்கள். உணர்திறன் தனி, சாய்வு தனி என்று பிரித்தெடுக்கும் வழி அறுபது, எழுபது வருடமாகக் கையில் இருக்கிறது. நாம் இன்னும் "தெரியுதா?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

டகடகவென்று அமுக்கிய பெரியவர்

ஃபீல்டு டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்கச் சொல்வார்கள். நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே ஒளிப்பொட்டு மின்னும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. நல்ல கண்ணுக்கும் கிட்டத்தட்ட பாதிப் பொட்டுகள் தெரியாது. சோதனையின் அமைப்பே அப்படி. தெரியும், தெரியாது என்ற எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க, கருவி வேண்டுமென்றே ஒளியை மங்கலாக்கிக்கொண்டே போகும். "ஒரு லைட்டையும் விடல" என்று ஒருவர் சொன்னால் நான் பயப்படுவது இதனால்தான். விடாமல் அமுக்கினார் என்றால், இல்லாத ஒளிக்கும் அமுக்கியிருக்கலாம்.

ஹம்ஃப்ரி போன்ற கருவிகளைச் செய்தவர்களுக்கு இது தெரியும். ஒளி காட்டாத நேரத்திலோ, காட்டிய ஒளிக்கான பதிலாக இருக்கவே முடியாத கணத்திலோ வந்த அழுத்தங்களைக் கருவி கணக்கில் எடுத்து, "ஃபால்ஸ் பாசிட்டிவ்" என்ற தலைப்பில் அறிக்கையிலேயே அச்சடித்துவிடும். அந்த எண் அதிகமாக இருந்தால் அந்தச் சோதனையை நம்பக் கூடாது. அளவுக்கு மீறி அமுக்கியவருடைய வரைபடத்தில் சில இடங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். மனிதக் கண்ணுக்கு இருக்கவே முடியாத கூர்மை அங்கே இருப்பதாகக் காட்டும்!

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா? கிளாக்கோமா ஓசைப்படாமல் பார்வையின் ஓரங்களைத் தின்னும் நோய். போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் மீதியைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். நோய் முன்னேறுகிறதா என்று பார்க்க, போன முறை எடுத்த வரைபடத்தையும் இந்த முறை எடுத்ததையும் ஒப்பிடுவார்கள். போன முறை நிதானமாக அமுக்கியவர் இந்த முறை "பாஸ் ஆகணும்" என்று பரபரவென்று அமுக்கினால், கெட்டுப்போன இடமும் நல்ல இடமாகத் தெரியும். மருந்தைக் கூட்ட வேண்டிய நேரத்தில் "அப்படியே இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று வீட்டுக்கு வந்துவிடலாம். தன் குருட்டுப் புள்ளியைத் தானே வெள்ளையடித்து மறைத்த மாதிரி.

இதில் அந்தப் பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சின்ன வயதிலிருந்து "ஒரு கேள்வியையும் விடாதே, தெரியாட்டியும் எதையாவது எழுதி வை" என்று சொல்லிக்கொடுத்தது எங்கள் ஜாதி, வாத்தியார் ஜாதி. அவர் பரீட்சை எழுதினார். அது பரீட்சையில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வேணுங்கறப்ப கேக்கும் பாட்டி

இப்போது பாட்டிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் தப்பு இரண்டு திசையிலும் நடக்கிறது.

வயதானால் காதில் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள். 'ச', 'ஸ' போன்ற மெய்யொலிகளின் கூர்மையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதனால் பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. கட்டைக்குரலில் மகன் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பாட்டிக்குப் புரியும். மிக்ஸி ஓடும்போது சமையலறையிலிருந்து பேத்தி கீச்சுக் குரலில் கேட்டால் புரியாது. பார்க்கிறவர்களுக்கு இது "மகன் சொன்னா மட்டும் கேக்குது" என்று தெரிகிறது. உணர்திறனில் வந்த குறையை மனசின் சூது என்று படிக்கிறார்கள். எழுபது வயது தாண்டிய மனுஷியைக் கள்ளி என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எதிர்த்திசையில் நடப்பது வேறு. ஆடியோமெட்ரி அறையில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கம்மா" என்கிறார்கள். வழக்கமான முறையில், கேட்டால் 10 டெசிபல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுவார்கள். ஏறிவரும் தடவைகளில் குறைந்தது பாதிக்காவது பதில் வரும் மிகக் குறைந்த அளவுதான் அறிக்கையில் ஏறும். தப்பாக அமுக்கிவிடுவோமோ, நாலு பேர் முன்னால் அவமானமாகிவிடுமோ என்று தயங்குகிற பாட்டி, நல்லா நிச்சயமான பிறகுதான் அமுக்குவார். 1971-இல் ரீஸ், பாட்வினிக் என்ற இரு ஆய்வாளர்கள் முதியவர்களின் கேட்டலை இந்தக் கோட்பாட்டை வைத்துச் சோதித்தபோது, முதியவர்கள் இளையவர்களைவிட எச்சரிக்கையாகப் பதில் சொல்கிறார்கள் என்று கண்டார்கள். வழக்கமான சோதனையில் காது மந்தம் என்று தெரிவதில் ஒரு பங்கு, மூன்றாமவரின் கறார் கோடுதான்.

உடனே "அப்ப காது மெஷினே வேண்டாம், வாத்தியாரே சொல்லிட்டார்" என்று கிளம்பிவிடாதீர்கள். வயதால் வரும் செவித்திறன் குறைவு உண்மை, கருவி பலருக்கு வாழ்க்கையையே திருப்பித் தருகிறது. நான் சொல்வது வேறு. நல்ல ஆடியோலஜிஸ்ட் ஒலிகளுக்கு நடுவே இடைவெளியை மாற்றி மாற்றிக் கொடுப்பார். ஒலியில்லாதபோது பட்டன் அமுங்குகிறதா என்று பார்ப்பார். "சந்தேகமா இருந்தாலும் அமுக்கலாம், தப்பே இல்லை" என்று முதலிலேயே தைரியம் சொல்வார். பேச்சையும் தனியாகச் சோதிப்பார். இரண்டு நிமிடத்தில் ஹெட்போனை மாட்டிக் கழற்றிவிட்டு விலைப்பட்டியலை நீட்டும் இடத்தில் இதில் எதையும் எதிர்பார்க்க முடியாது. அங்கே அளந்தது காதையா, கூச்சத்தையா என்று கேளுங்கள். பதில் வராது.

'E' எந்தப் பக்கம் பார்க்குது?

மாற்று வழி என்ன? "தெரியுதா?" என்று கேட்காமல் "எது?" என்று கேட்பதுதான்.

பள்ளிக் கண் பரிசோதனையில் தொங்கும் அட்டையை நினைத்துப் பாருங்கள். 'ஈ' என்ற ஆங்கில எழுத்து மேலே, கீழே, இடது, வலது என்று நாலு திசையிலும் திரும்பியிருக்கும். "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் பிள்ளை ஒரு திசையைக் காட்டியே ஆக வேண்டும். கண் தெரியாத பிள்ளைக்குச் சராசரியாக நாலில் ஒன்றுதான் சரியாகும். பயந்த பிள்ளை, துடுக்குப் பிள்ளை என்ற வேறுபாடு இங்கே கிட்டத்தட்ட செல்லாக்காசு.

அதே அட்டையைக் காட்டி, "கீழ் வரி தெரியுதா?" என்று கேளுங்கள். "தெரியுது சார்." முடிந்தது. கண்ணாடி போட்டால் வகுப்பில் கிண்டல் செய்வார்கள் என்று பயப்படும் பையனும் "தெரியுது" என்பான். கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பெண்ணும் "தெரியுது" என்பாள். கரும்பலகை தெரியாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு "படிப்பு ஏறல" என்ற பட்டத்தோடு போவார்கள். என் மாணவர்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களே, முகாமில் உங்களிடம் அட்டையைக் கொடுத்தால் கேள்வியையும் சரியாகக் கேளுங்கள். அட்டையைச் செய்தவர் யோசித்துத்தான் நாலு திசை வைத்தார்.

கோடு எவ்வளவு எளிதில் நகரும் என்பதற்கு நீட் தேர்வே சாட்சி. சரியான விடைக்கு 4, தவறுக்கு −1. நாலு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், கணக்குப்படி சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான். ஆனாலும் "நெகட்டிவ் மார்க்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எத்தனை பிள்ளைகளின் கை நடுங்குகிறது! அறிவு அதேதான், கோடு ஏறிவிட்டது. அறிவுறுத்தலில் ஒரு வரி மாறினால் பதில்கள் மாறும். கண் மருத்துவமனையிலும் அப்படித்தான்.

தரச்சோதனை மேசையில் இருப்பவர்கள்

தொழிற்சாலையிலும் விமான நிலைய எக்ஸ்ரே திரையின் முன்னும் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-இல் ஜெரமி வுல்ஃப் குழுவினர் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படங்களில் ஒளிந்திருக்கும் பொருளைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் பொருள் இருந்தபோது, தேடியவர்கள் 7 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். அதே கண்ணைக் கொண்டு தேடும் அதே வேலை. அபூர்வமாக வருவதைத் தேடினால் "இல்லை" என்று சொல்லும் பக்கம் கோடு தானாகச் சாய்கிறது என்பதை அவர்களின் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

ஆயிரத்தில் ஒன்று பழுதாக வரும் மேசையில் ஒரு பெண் ஒன்றைத் தவறவிட்டால், "தூங்குறியா?" என்று கேட்டுச் சம்பளத்தில் கை வைக்கும் மேற்பார்வையாளர்கள் உங்களில் இருந்தால், இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். விமான நிலையங்களில் திரையில் அவ்வப்போது போலி ஆயுதப் படங்களைக் கலந்து விடுகிறார்கள். விழிப்பைச் சோதிக்கவும், "எப்போதாவது வரும்" என்ற நினைப்பை உயிரோடு வைக்கவும்தான். தெரிந்தே கலந்த மாதிரிகளும் இல்லாமல், தவறாக ஒதுக்கிய நல்ல பொருள்களின் கணக்கும் இல்லாமல் ஒருவருடைய கண்ணைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும்

"எங்கப்பா பொய் சொல்றார்னு சொல்றீங்களா?" இல்லவே இல்லை. சாய்வு பொய் ஆகாது. நடு இரவில் கைக்குழந்தையின் அழுகையை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் தாய், இல்லாத அழுகைக்கும் எழுந்திருப்பாள். அவள் கோடு தாழ்ந்திருக்க வேண்டும், அதுதான் சரி. தவறவிட்டால் என்ன நஷ்டம், வீணாக எழுந்தால் என்ன நஷ்டம் என்பதைப் பொறுத்துக் கோடு நகர்வது புத்திசாலித்தனம். சாய்வு இல்லாத மனிதன் இல்லை. அதைக் கண்ணின் கணக்கில் எழுதுவதுதான் குற்றம்.

"'எது?' என்று கேட்டால் மட்டும் சாய்வு இருக்காதா?" இருக்கும். சிலருக்கு எப்போதும் இடது பக்கமே கை போகும், சிலர் எப்போதும் இரண்டாவதையே சொல்வார்கள். அதற்குத்தான் பெர்ஸ் சீட்டைக் குலுக்கினார். வரிசையைக் குலுக்கி, எல்லா இடத்திலும் சரிசமமாக வைத்தால் அந்தச் சாய்வால் மதிப்பெண் கூடாது. யாருக்கு எந்தப் பக்கம் சாய்வு என்பதும் கூடவே வெளிப்பட்டுவிடும்.

"மூளை அலையை அளக்கும் பெரா டெஸ்ட் இருக்கே, பதிலே கேட்க வேண்டாமே?" பச்சிளங்குழந்தைக்கு அதுதான் வழி, அருமையான வழி. ஆனால் ஒலி நரம்பில் ஏறியதா என்று அது சொல்லும். பேச்சு புரிந்ததா என்று சொல்லாது. பேசத் தெரிந்த மனிதரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பதை ஒழுங்காகக் கேட்கலாமே என்கிறேன்.

"இவ்வளவுக்கும் நேரம் எங்கே சார்?" இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பொறுமை கிடையாது. பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து ஒருவருடைய பார்வையைச் செலவு செய்வதற்குப் பெயர் சிக்கனமா?

செய்ய வேண்டியவை

ஒன்று. வீட்டுப் பெரியவரை ஃபீல்டு டெஸ்டுக்கோ ஆடியோமெட்ரிக்கோ அழைத்துப் போகும்போது, வாசலிலேயே சொல்லுங்கள்: "இது பரீட்சை இல்லப்பா. பாதி தெரியாமத்தான் இருக்கும். தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலைன்னா விட்டுடுங்க. பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல." அசதியாக இருந்தால் நடுவில் நிறுத்தி ஓய்வெடுக்கக் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டு. ஃபீல்டு டெஸ்ட் அறிக்கை கைக்கு வந்ததும் "ஃபால்ஸ் பாசிட்டிவ்" எண் என்ன, இந்தச் சோதனை நம்பத்தக்கதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாயைத் திறந்து கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தேவையென்றால் திரும்ப எடுக்கச் சொல்வார்.

மூன்று. வீட்டில், வகுப்பில், முகாமில், மேசையில் "தெரியுதா, கேக்குதா, புரியுதா" என்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். "எந்தப் பக்கம், எந்த வார்த்தை, எத்தனை" என்று கேளுங்கள். அப்படிக் கேட்க முடியாத இடத்தில், நடுநடுவே வெற்றுத் தடவைகளைக் கலந்து, அவற்றுக்கு வந்த "ஆமா"க்களையும் எண்ணுங்கள்.

நான்கு. வாட்ஸ்ஆப் குழுவில் அந்தப் பாட்டியைப் பற்றிச் சிரித்தவர்கள், இந்த வாரம் மிக்ஸியை நிறுத்திவிட்டு அவர் எதிரே போய் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் வார்த்தை பிரியவில்லை என்றால் நல்ல ஆடியோலஜிஸ்டிடம் அழைத்துப் போங்கள்.

மறுப்பு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "அருமை சார்", "புரிந்தது சார்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒருவர் ஒலி இருந்தபோது 69 முறை, இல்லாதபோது 50 முறை "ஆமா" என்கிறார். அவருடைய டி-பிரைம் என்ன? நம் மூவரைவிட அவர் காது கூர்மையா, மந்தமா? விடையோடு வாருங்கள்.